மோனேரோ விற்கும் ஒரு தளம்: சரக்கு எவ்வளவு, தள்ளு எவ்வளவு?

குமுளிக்கணக்கன் எழுதியது:

வணக்கம். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். கிரிப்டோ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரில் படிக்கிற அளவுதான், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை என் அக்கா வீட்டுக்காரர். வண்டன்மேட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். இந்த எடுப்பில் கொஞ்சம் காசு மிஞ்சியது, அதில் இரண்டு லட்சத்தைக் கொண்டுபோய் மோனேரோ மாதிரி 'தனியுரிமை நாணயம்' (யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று வெளியே தெரியாத கிரிப்டோ) விற்கிற ஒரு இணையதளத்தில் போடப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். போன ஞாயிறு மழைக்கு வெளியே போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது போனை என் கையில் கொடுத்து, "நீ படித்தவன், பார்த்துச் சொல்லு மாப்பிள்ளை" என்றார்.

மூன்று தடவை படித்தேன். நீளமான பக்கம், அழகான எழுத்து, கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சு நிறம். படித்து முடித்தபோது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரியில் என்னால் சொல்ல முடியவில்லை. "ராணுவத் தரக் குறியாக்கம்" என்கிறார்கள். "அடுத்த தலைமுறைத் தனியுரிமைச் சூழல்" என்கிறார்கள். கட்டணம் பூஜ்யமாம். கேஒய்சி (அடையாளச் சோதனை) கிடையாதாம். வாடிக்கையாளர் பணத்துக்கு 100 சதவீத இருப்பு வைத்திருக்கிறார்களாம், மோனேரோ ஸ்மார்ட் கான்ட்ராக்ட் தணிக்கை முடிந்துவிட்டதாம், 2017 முதல் தொழிலில் இருக்கிறார்களாம். கடைசியாக, மோனேரோவை அவர்களிடமே விட்டுவைத்தால் 'ஸ்டேக்கிங்' முறையில் ஆண்டுக்கு 14 சதவீதம் தருவார்களாம். மச்சான் விழுந்தது அந்தக் கடைசி வரியில்தான்.

எங்கள் பக்கத்து மலையாளிகள் இந்த மாதிரிப் பேச்சைத் 'தள்ளு' என்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இதில் எது தள்ளு, எது சரக்கு, என்னைப் போன்ற ஆள் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? தளத்தின் பெயரைக் கேட்காதீர்கள். திருட்டுத் தளமாக இருந்தால் நான் விளம்பரம் செய்ததாக ஆகும், நல்ல தளமாக இருந்தால் அவதூறு ஆகும்.

---

போடி லாட்டு எழுதியது:

குமுளித் தம்பி, பதில் உங்கள் கடையிலேயே இருக்கிறது.

நான் போடியில் ஏலத்தில் சரக்கு எடுத்துப் பழகியவன், கணினி எனக்கு இரண்டாம் பட்சம். ஏல மண்டபத்தில் சாம்பிள் பொட்டலம் கைக்கு வந்ததும் என்ன செய்வோம்? நிறத்தைப் பார்க்கிறோம், ஆனால் நிறத்தை நம்புவதில்லை. சாயம் ஏற்றி, பச்சைப் பசேல் என்று இருக்கிற காயைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். உள்ளங்கையில் போட்டுக் குலுக்கி, இரண்டு காயை உடைத்து அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் விலை. லிட்டர் வெயிட் என்று ஒன்று வைத்திருப்பதே அதற்காகத்தானே. எக்ஸ்ட்ரா போல்டு என்று பெயர் வாங்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் படியில் 435 கிராமாவது நிற்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாத காய் படியை நிரப்பும், தராசில் நிற்காது.

வாக்கியத்துக்கும் லிட்டர் வெயிட் பார்க்கலாம். நான் பார்க்கிற விதம் இது: அந்த வரி பொய்யாக இருந்தால் எனக்கு அது பொய் என்று தெரியவருமா? "அடுத்த தலைமுறைத் தனியுரிமைச் சூழல்" என்ற வரி பொய்யாகவே இருக்க முடியாது, ஏனென்றால் அதில் எதுவுமே சொல்லப்படவில்லை. ராணுவத் தரம் என்பதும் அப்படித்தான். ஏஇஎஸ் 256 என்கிற முறையைத்தான் அந்தப் பெயரில் சொல்வார்கள், அதை உங்கள் வங்கித் தளமும் வைத்திருக்கிறது, பக்கத்து ஊர் டிராவல்ஸ்காரர் டிக்கெட் விற்கிற தளமும் வைத்திருக்கிறது. வீட்டுக்குக் கதவு இருக்கிறது என்று விளம்பரம் போடுவது மாதிரி.

ஆனால் "2017 முதல்" என்பது எடையுள்ள வரி. பொய்யென்றால் மாட்டிக்கொள்வார்கள். டொமைன் பெயர் எந்தத் தேதியில் பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். வேபேக் மெஷினில் அதே முகவரியைப் போட்டால் பழைய பக்கங்கள் வரும். நேற்று முளைத்த டொமைனில் உட்கார்ந்துகொண்டு ஏழெட்டு வருட அனுபவம் பேசுகிறவன், அல்லது 2019-இல் அதே பெயரில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தவன், இரண்டு பேரையும் நான் அந்த வழியில் பார்த்திருக்கிறேன்.

பூஜ்யக் கட்டணமும் எடை போட முடிந்த வரிதான். 0.01 பிட்காயின் கொடுத்தால் எவ்வளவு மோனேரோ தருவாய் என்று அந்தப் பெட்டியில் போட்டுப் பாருங்கள், பணம் கட்டத் தேவையில்லை. அதே நிமிடத்தில் சந்தை விலைப்படி எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். நூறு வர வேண்டிய இடத்தில் 96 வந்தால் அந்த நான்குதான் கட்டணம், அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி. கமிஷனே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே தராசில் கை வைக்கிற ஆளை உங்கள் கடையிலும் பார்த்திருப்பீர்கள்.

மற்றதை நுட்பம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அந்த 14 சதவீதம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

---

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அந்த 14 சதவீதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எதையும் பார்க்காமலே அந்த ஒரு வரியில் கதை முடிந்துவிட்டது.

ஸ்டேக்கிங் என்பது நாணயத்தை நெட்வொர்க்கில் பூட்டி வைத்து அதற்குக் கூலி வாங்குவது, மோனேரோவில் அப்படி ஒன்றே கிடையாது. அது பிட்காயின் மாதிரி சுரங்க முறையில் ஓடுகிற நாணயம். 2019 நவம்பரிலிருந்து ராண்டம்எக்ஸ் என்ற முறை, சாதாரணக் கணினியின் செயலியை வைத்துத் தோண்டுவது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு), 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் 0.6 மோனேரோ புதிதாக வரும், அது தோண்டுகிறவனுக்குப் போகும். சும்மா வைத்திருக்கிறவனுக்கு நெட்வொர்க் ஒரு பைசா தராது. அப்படியென்றால் அந்த வட்டி எங்கிருந்து வருகிறது? மாடே இல்லாத வீட்டில் பால் கணக்கு எழுதுகிறார்கள். ஒன்று உங்கள் மச்சான் நாணயத்தை யாருக்கோ கடன் கொடுக்கிறார்கள், அதைச் சொல்லவில்லை. இல்லையென்றால் அடுத்து வருகிறவன் போடுகிற காசுதான் வட்டி.

'மோனேரோ ஸ்மார்ட் கான்ட்ராக்ட் தணிக்கை' என்பதும் அதே ரகம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவின் நெட்வொர்க்கில் தானாக ஓடுகிற நிரல். மோனேரோவில் அந்த மாதிரி ஒன்றே இல்லை, பின் எதைத் தணிக்கை செய்தார்கள்? இந்த வரி எப்படி உள்ளே வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஏதோ எத்தீரியம் தளத்தின் பக்கத்தை எடுத்து, பெயர் இருந்த இடங்களில் மட்டும் மோனேரோ என்று மாற்றியிருப்பார்கள். இந்த வேலை நிறைய நடக்கிறது, ஒட்டுப்போட்ட இடம் இப்படித்தான் பல்லிளிக்கும்.

சரி, ஒருவேளை அந்த இரண்டு வரிகளும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது எங்கே பார்ப்பது? நான் முகப்புப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. நேராகப் பணம் அனுப்பச் சொல்கிற திரைக்குப் போவேன். உண்மையில் வியாபாரம் செய்கிறவன் அங்கே சரியாக எழுதாமல் இருக்க முடியாது, தப்பாக எழுதினால் தினமும் அவனுக்கே தலைவலி.

மோனேரோ முகவரி 95 எழுத்து, 4 அல்லது 8-இல் தொடங்கும். முன்பெல்லாம் நாணயம் வாங்கி விற்கிற பரிமாற்றகங்கள், எந்த வாடிக்கையாளர் பணம் என்று அடையாளம் காண, முகவரியோடு 64 எழுத்துள்ள ஒரு பேமெண்ட் ஐடியும் கேட்கும். அந்த நீள ஐடியை 2019-லேயே வாலட்டிலிருந்து (நாணயத்தை வைத்து அனுப்புகிற மென்பொருள்) எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு துணை முகவரி கொடுக்கலாம். ஒரு தளம் இன்றைக்கும் '64 எழுத்து பேமெண்ட் ஐடியை மறக்காமல் போடவும்' என்று சொன்னால் அந்த உதவிப் பக்கத்தை எழுதியவர் மோனேரோ அனுப்பிப் பல வருடம் ஆகிறது, அல்லது அனுப்பியதே இல்லை. அதேபோல வந்த மோனேரோவை மறுபடி செலவழிக்கப் பத்து பிளாக், அதாவது ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அது நெட்வொர்க் விதி. 'உள்ளே போட்டவுடன் நொடியில் வெளியே எடுக்கலாம்' என்று ஒருவன் சொன்னால், தன் கையிருப்பிலிருந்து எடுத்துத் தருகிறானா, அல்லது கணினித் திரையில் எண்ணை மட்டும் காட்டுகிறானா என்று கேட்க வேண்டும்.

இந்தத் தளத்தில் ஜீகேஷ் என்ற இன்னொரு தனியுரிமை நாணயமும் விற்கிறார்களா? விற்றால் இன்னும் சுலபம். ஜீகேஷில் இரண்டு வகை முகவரி உண்டு. ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்குவது பிட்காயின் மாதிரியே திறந்த முகவரி, யார் யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். 'இசட்எஸ்' என்றோ 'யு' என்றோ தொடங்குகிற முகவரிகளில்தான் மறைப்பு வேலை செய்யும். முகப்பில் "முழுமையான தனியுரிமை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே போனால் 'டி' முகவரி மட்டும் கொடுக்கிற தளங்களை நான் பார்த்திருக்கிறேன். மோனேரோ, ஜீகேஷ், டாஷ் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு 'தனியுரிமை நாணயங்கள்' என்று கட்டி விற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். மோனேரோவில் எல்லாப் பரிவர்த்தனையும் மறைப்புதான், நீங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஜீகேஷில் அது நீங்கள் தேர்ந்தெடுப்பது. டாஷில் இருப்பது நாணயங்களைக் கலக்கிக் கொடுக்கிற ஏற்பாடு, அதுவும் விருப்பம் இருந்தால் மட்டும்.

100 சதவீத இருப்பு பற்றி. மோனேரோவில் வியூ கீ என்று ஒன்று உண்டு, அதைக் கொடுத்து 'நீங்களே பாருங்கள்' என்பார்கள். அதில் வந்த காசு தெரியும், போன காசு தெரியாது. கல்லாவில் விழுந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதற்குச் சமம். இருப்பை நிரூபிக்க வேறு வழி வாலட்டிலேயே இருக்கிறது: ஒரு நீளமான கையெழுத்துச் சரத்தை அவர்கள் உருவாக்கி வெளியிடலாம், யாரும் தங்கள் வாலட்டில் ஒட்டிச் சரிபார்க்கலாம். அந்தச் சரத்தைப் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தாலும் கையில் எவ்வளவு என்பதுதான் தெரியும், ஊருக்கு எவ்வளவு பாக்கி என்பது தெரியாது.

---

ஆரியங்காவு எழுதியது:

இவ்வளவு ஒளித்து மறைத்து அனுப்ப வேண்டிய காசு நல்ல காசாக இருக்குமா? உழைத்துச் சம்பாதித்தவன் எதற்கு முகமூடி போடுகிறான்? மச்சானை ரப்பர் ஷீட் வாங்கி அடுக்கச் சொல்லுங்கள்.

---

குமுளிக்கணக்கன் எழுதியது:

ஆரியங்காவு அண்ணே, நானும் இதையேதான் மச்சானிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பிட்காயினில் ஒருவருக்கு நூறு ரூபாய் அனுப்பினால் போதும், அந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது, அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று வாங்கினவர் உட்கார்ந்து பார்க்கலாமாம். ஜீப்புக்காரருக்குச் சில்லறை கொடுக்கப் பீரோவைத் திறந்து காட்ட வேண்டுமா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் யாருக்கு எத்தனை கிலோ காய் விழுந்தது என்று தெரிந்தால் மறுநாளே கடன் கேட்டு நாலு பேர் வாசலில் நிற்பார்கள், அதனால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நாணயம் பற்றி எனக்குச் சண்டை இல்லை. சண்டை விற்கிறவன் பற்றித்தான்.

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு: ஜீகேஷும் இருக்கிறது. இன்று இரவு உள்ளே போய் 'டி' எழுத்தா என்று பார்க்கிறேன்.

---

பாறசாலை வாசி எழுதியது:

மேலே எழுதியவர்களோடு பாதி ஒத்துப்போகிறேன், பாதி இல்லை.

தள்ளு இருக்கிறது என்பதாலேயே ஒரு தளத்தைத் தள்ள முடியாது. கூகுளில் மேலே வரவேண்டும் என்பதற்காக நேர்மையான சின்னத் தளங்கள்கூட யாரோ ஒருவரிடம் வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசி ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை எழுதி வாங்கிப் போடுகிறார்கள். நானே அப்படி எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்ன தளம், என்ன செய்கிறது என்று ஒன்றும் தெரியாமல் 'தடையற்ற அனுபவம்' என்று நான் எழுதிய பக்கத்துக்குப் பின்னால் ஒழுங்காக வேலை செய்கிற மனிதர்கள் இருந்தார்கள். மறுபக்கம், என் காசு மாட்டிய தளத்தின் முகப்பில் தள்ளே இல்லை. நாலே வரி, ஒரு பெட்டி, ஒரு பொத்தான். அந்த எளிமையைப் பார்த்துத்தான் நம்பினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாய்க்கான பிட்காயினை மோனேரோவாக மாற்ற ஒரு மாற்றுத் தளத்தில் போட்டேன். கணக்குத் திறக்க வேண்டாம், கேஒய்சி வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. பிட்காயின் போய்ச் சேர்ந்தது, திரையில் 'பெறப்பட்டது' என்று பச்சை டிக் விழுந்தது. அடுத்த டிக் விழவேயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 'ஆய்வில் உள்ளது'. மறுநாள் மின்னஞ்சலில் பாஸ்போர்ட் படம், கையில் தாளோடு செல்ஃபி, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம். கேஒய்சி இல்லை என்றீர்களே என்று கேட்டால் விதிமுறைகள் பக்கத்தைக் காட்டினார்கள். 'எங்கள் இடர் மதிப்பீட்டின்படி தேவைப்படும்போது' என்று ஒரு வரி, அடியிலே, சாம்பல் நிறத்தில். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, ஆதாரை அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. பத்தொன்பது நாள் கழித்துப் பிட்காயினையே திருப்பி அனுப்பினார்கள், 'ஆய்வுக் கட்டணம்' என்று ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பத்தொன்பது நாளில் மனைவியிடம் நான் சொன்ன பொய்களை எழுதினால் தனி இழை வேண்டும்.

அதிலிருந்து நான் படிக்கிற பக்கம் ஒன்றுதான்: கோளாறு நடந்தால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிற பக்கம். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே அனுப்பிவிட்டால் பணம் என்ன ஆகும், விலை பூட்டிய கெடு முடிந்தபின் பணம் வந்தால் பழைய விலையா புது விலையா, திருப்பி அனுப்ப முகவரியை முன்பே கேட்கிறார்களா, எந்தச் சூழ்நிலையில் நிறுத்தி வைப்பார்கள், எத்தனை நாள். இதையெல்லாம் எண்ணோடு எழுதியிருக்கிறவன் உண்மையில் ஆயிரம் பேர் திட்டு வாங்கி எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். எல்லாம் சுகமாக நடக்கும் என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் யாரும் அவன் கடையில் சாமான் வாங்கவில்லை.

இன்னொன்று, கொழிஞ்சாம்பாறை விட்டுவிட்டார். 'நாங்கள் மோனேரோ அனுப்பிவிட்டோம்' என்று அவர்கள் சொல்லி, உங்களுக்கு வராமல் போனால், பிட்காயின் மாதிரி பொதுப் பதிவேட்டில் போய்ப் பார்க்க முடியாது. அதற்காகவே அனுப்புகிறவர் வாலட்டில் அந்தப் பரிவர்த்தனைக்கென்று ஒரு ரகசியச் சாவி இருக்கும். அந்தச் சாவி, பரிவர்த்தனை எண், உங்கள் முகவரி மூன்றையும் வைத்து அனுப்பியது உண்மையா என்று யாரும் சரிபார்க்கலாம். தகராறு வந்தால் இதைத் தருவீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன் உதவி மையத்தில் கேளுங்கள். பதிலின் உள்ளடக்கத்தைவிட, அவர்களுக்குக் கேள்வி புரிந்ததா என்று பாருங்கள்.

---

ஆடிட்டர் மாமா எழுதியது:

நான் செங்கோட்டை. எனக்குக் குறியாக்கம் தெரியாது, வரி தெரியும். இதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

பெயர் தெரியாமல் வாங்கலாம் என்றால் வரியும் தெரியாமல் போகும் என்று உங்கள் மச்சான் நினைத்தால் அது தப்புக் கணக்கு. 2022-இன் நிதிச் சட்டத்திலிருந்து இந்த மாதிரிச் சொத்தில் வருகிற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு நாணயத்தில் போன நஷ்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பிட்காயினைக் கொடுத்து மோனேரோ வாங்கினால் 'ரூபாய் கைக்கு வரவில்லையே' என்பார்கள், அதுவும் கைமாற்றம்தான், அன்றைய மதிப்பில் லாபம் இருந்தால் வரி உண்டு. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ் வேறு. ஏலக்காய் விற்ற வருமானத்துக்கு உள்ள சலுகை அந்தக் காசு இங்கே வந்தவுடன் கூடவே வராது.

"உரிமம் பெற்ற தளம்" என்று போட்டிருக்கிறார்களா? எந்த உரிமம் என்று பாருங்கள். அமெரிக்காவின் ஃபின்சென் அமைப்பில் பதிவு செய்திருக்கிறோம் என்று எண்ணைப் போட்டு, அதைப் பெரிய சான்றிதழ் மாதிரிக் காட்டுவார்கள். அது பதிவு மட்டும்தான், அந்த அரசு யாருக்கும் நற்சான்று கொடுப்பதில்லை. இந்தியாவில் 2023 மார்ச் 7 அறிவிப்பின்படி இந்தத் தொழில் செய்கிறவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறார்கள், எஃப்ஐயூ என்கிற நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 28-இல் ஒன்பது வெளிநாட்டுப் பரிமாற்றகங்களுக்கு நோட்டீஸ் போனது. அதில் ஒன்றான பைனான்ஸ் (Binance) என்ற பரிமாற்றகம் பிறகு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதத்துக்கு உள்ளானது. அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதி என்றால், மச்சானின் தளம் கேஒய்சி இல்லை என்று பெருமையாகச் சொல்வது என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

கடைசியாக, வாங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். விற்பது எங்கே? மோனேரோவை பைனான்ஸ் 2024 பிப்ரவரி 20-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 ஜூலை 10 முதல் அங்குள்ள சேவை நிறுவனங்கள் இந்த வகை நாணயங்களைக் கையாளவே கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சந்தை இது. அந்தத் தளத்தின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட எதை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

---

குமுளிக்கணக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் வேலை செய்தேன், மச்சானையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

டொமைன் பதிவானது பதினான்கு மாதம் முன்பு. 2017 அங்கேயே விழுந்தது. ஜீகேஷுக்குக் கொடுத்த முகவரி 'டி'. பூஜ்யக் கட்டணத்தைப் போடி அண்ணன் சொன்னபடி கணக்குப் போட்டால் நூறுக்கு 94 சொச்சம்தான் வருகிறது, மறுநாள் காலையில் பார்த்தபோதும் ஏறத்தாழ அதேதான். கோளாறு நடந்தால் என்ன என்ற பக்கமே இல்லை, அந்த இணைப்பை அழுத்தினால் மறுபடி முகப்புக்கே வருகிறது.

உதவி மையத்தில் இரண்டு கேள்வி கேட்டேன். பரிவர்த்தனைச் சாவி தருவீர்களா என்று ஒன்று, சுரங்க நாணயத்துக்கு ஸ்டேக்கிங் வட்டி எப்படி என்று ஒன்று. இரண்டுக்கும் நாற்பது வினாடியில் ஒரே பதில்: "அன்பான பயனரே, உங்கள் சாவியை யாரிடமும் பகிர வேண்டாம். எங்கள் ஸ்டேக்கிங் திட்டத்தில் இன்றே இணைந்தால் 2 சதவீதம் போனஸ்." மச்சான் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இவனுக்கு நம் கேள்வியே புரியவில்லையே மாப்பிள்ளை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு லட்சம் இப்போதைக்கு வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் மனிதர் மோனேரோவை விட்டபாடில்லை. வாலட்டை முதலில் தன் கணினியில் போட்டுப் பழகுகிறேன், மூவாயிரம் ரூபாய்க்கு மேல் தொடமாட்டேன், வேறு தளம் கிடைத்தால் நீயே படித்துச் சொல்ல வேண்டும் என்கிறார். நேற்று இரவு ஒரு புதுத் தளத்தின் கோளாறுப் பக்கத்தை அவரே தேடி எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். குறைந்தபட்ச அளவு, கெடு எத்தனை நிமிடம், நிறுத்தி வைத்தால் எத்தனை நாள் எல்லாம் எண்ணோடு இருக்கிறது. விதிமுறைப் பக்கத்தில் ஒரு பத்தி மட்டும் எனக்குப் புரியவில்லை, அதை நாளை கடை சாத்தியதும் தட்டச்சு செய்து போடுகிறேன். பாறசாலை அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

---

போடி லாட்டு எழுதியது:

போடுங்கள். மச்சானிடம் சொல்லுங்கள், மூவாயிரமும் ஒரே தடவையில் வேண்டாம், தளம் அனுமதிக்கிற குறைந்தபட்ச அளவு எதுவோ அதை மட்டும் அனுப்பி, தன் வாலட்டுக்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம். சாம்பிள் பொட்டலத்தை வாயில் போடாமல் லாட்டு எடுக்கிற ஆள் இல்லையே அவர்.